ஈரறிவு

காலை ஏழரைக்கு வார்டு ஆபீஸில் கையெழுத்து.
பிறகு வீடு.
ஒரு நாளைக்கு ஐம்பது வீடு அடைய வேண்டும் என்பது உத்தரவு.
ஒரே ஒரு வீட்டை அடைய
சோறு தண்ணீரை விட்டுக் கிடந்தார்களாம்
கீழக்குயில்குடி மலையில் அந்தக் காலத்தில் சிலர்.
எனக்கு ஐம்பது. தினக்கூலி.

டார்ச், அகப்பை, கொசுமருந்து பாட்டில்,
சுவரில் தேதி குறிக்க ஒரு சாக்பீஸ்.
தொட்டியைத் திறந்து வெளிச்சம் அடித்தால்
நெளிந்து நெளிந்து அடியில் இறங்கும்.
மூச்சுக்கு மேலே வந்தே ஆகவேண்டும் அதற்கு.
காத்திருந்து அள்ளுவேன்.

பி.ஏ. தமிழ் நான். இரண்டு அரியர்.
இலக்கண வகுப்பு ஞாபகம் இருக்கிறது:
புல்லுக்கு ஓர் அறிவு, நத்தைக்கு இரண்டு,
எறும்புக்கு மூன்று, தும்பிக்கு நான்கு.
இந்தப் புழுவுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டேன்.
ஒரு வாரம் விட்டால் சிறகு முளைத்து நான்காகும்.
இரண்டிலேயே முடித்தால் பாவம் பாதிதானே சார் என்றேன்
சூப்பர்வைசர் ஆசைத்தம்பியிடம்.
"கணக்கை எழுதும்மா."

வெண்கலக்கடைத் தெரு மாடி வீட்டு ரதன்பாய்
மருந்து ஊற்ற விடமாட்டார்.
வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே பேசுவார்.
குடிநீரை
இரண்டாய் மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டுவார்.
நானும் வெள்ளைத் துணியில்தான் வடிகட்டுகிறேன்,
எண்ணுவதற்கு.
அவர் துணியைத் திருப்பிப் போட்டு
மெல்ல நீர் விட்டுத்
தங்கியதையெல்லாம் வந்த இடத்துக்கே அனுப்பிவைப்பார்.
துணி ஒன்றுதான். மணிக்கட்டு திரும்புவதும் ஒரே மாதிரிதான்.

மூன்றாவது முறை கேட்டேவிட்டேன்:
"அது கடிச்சு ஒரு புள்ள செத்தா யார் கணக்கும்மா?"
பதில் இல்லை.
மறு வாரம் தொட்டி காலி.
உள்சுவரெல்லாம் தேங்காய் நார் தேய்த்த தடம்.
குடங்கள் வெயிலில் கவிழ்ந்து கிடந்தன.
"பிறந்ததைக் கொல்ல மாட்டேன்.
பிறக்க இடம் கொடுக்காம இருக்கலாம்ல"
என்றார், முப்பது வருஷத் தமிழில்.
தேய்த்ததில் முட்டை போயிருக்குமே என்று
நான் சொல்லவில்லை.

செல்லூரில் ஐப்பசி மழைக்குப் பின்
ஒரு வீடு பூட்டிக் கிடந்தது.
மொட்டைமாடிக்கு வெளிப்பக்கம் படி இருந்தது.
ஏறவில்லை. மணி ஒன்றரை. பசி.
சுவரில் 'பூட்டு' என்று எழுதிவிட்டு நடந்தேன்.
பன்னிரண்டாம் நாள்
பெரியாஸ்பத்திரியிலிருந்து பட்டியல் வந்தது.
ஹன்சிதா, இரண்டாம் வகுப்பு.
போய்ப் பார்த்தபோது
சாக்பீஸ் எழுத்து அழியவில்லை.
அந்த வீட்டில்
ஒரு புழுவைக்கூட நான் கொன்றிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சமணர் மலைக்குப் போனேன்.
அடிவாரத்து ஆலமரத்தடியில்
கருப்புக்கு நேர்ந்த கிடா.
மஞ்சள் தண்ணீர் தெளித்து
அது தலையை உதறக் காத்திருந்தார்கள்.
அது ஆல இலை ஒன்றை மென்றுகொண்டு
யாரையோ பார்த்தபடி நின்றது.

மேலே பேச்சிப்பள்ளத்தில்
பாறையோடு பாறையாக அவர்கள் வரிசை,
உடுதுணி இல்லை,
ஆயிரம் வருஷமாக ஓர் ஈயைக்கூட ஓட்டவில்லை.
இவர்களுடைய ஆட்களைக் கழுவில் ஏற்றிய கதையை
மதுரையில் திருவிழாவாகவே நடத்துகிறோம்.
கல்முகத்தில் அதற்கு ஒன்றும் இல்லை.

காலடியில் சுனை.
பழக்கதோஷம், குனிந்தேன்.
அங்கேயும்.
மேலே வந்து மூச்சு வாங்கி
இறங்கிக்கொண்டிருந்தன.
பையில் பாட்டில் இருந்தது.
மூடியை அரைத் திருகு திருகியிருப்பேன்,
கீழே மேளம் சட்டென்று நின்றது.
உதறிவிட்டது போல.

மூடியை இறுக்கி, நோட்டை எடுத்தேன்.
இடம்: சுனை. புழு: உண்டு.
மருந்து என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.
பிறகு எழுதினேன்:
என் வார்டு இல்லை.

இறங்கும்போது கணுக்காலில் ஒன்று கடித்தது.
கை ஓங்கியது என்னவோ உண்மை.